இருண்டு போன இயற்கைக் காட்சிப் படத்தைத் தேற்றுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாரம் பூராவும் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் நின்றுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் பைக்கை எடுத்துக்கொண்டு ஆழியாறு, திருமூர்த்தி அணை, கொடிவேரி என்று கேமராவோடு கிளம்புகிற கூட்டம் ஒன்று உண்டு. நானும் அதில் ஒருவன். திரும்பி வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் பாதிப் படம் கன்னங்கரேல் என்று இருக்கும். அப்புறம் ஆளாளுக்குக் கேட்கிற கேள்விகள்தான் கீழே இருப்பவை.

விளக்குவதற்கு என் படம் ஒன்றையே கடைசி வரை வைத்துக்கொள்கிறேன். ஆடி மாதம், பொழுது சாயும் நேரம், காங்கயத்திலிருந்து தாராபுரம் போகும் வழியில் ஒரு கொறங்காடு. தெரியாதவர்களுக்காக: சுற்றிலும் கிளுவை வேலி வளர்த்து, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரங்களுமாக விட்டுவைத்திருக்கும் மேய்ச்சல் காடுதான் கொறங்காடு. படத்தில் மேலே பாதிக்கு மேல் மேகம், அதில் ஒரு கிழிசல் வழியாக வெயில். பின்னால் ஊதியூர் மலை. வலது பக்கம் வெள்வேல மரத்தடியில் சாம்பல் நிற மயிலை மாடு ஒன்று. இடது ஓரத்தில் கரண்டு கம்பம். இதில் மேகம் மட்டும்தான் ஒழுங்காக விழுந்திருந்தது. மலைக்குக் கீழே எல்லாமே தார் ஊற்றின மாதிரி. 24 மெகாபிக்சல் கேமரா, ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்வு அளவு) 100, நல்லவேளையாக ரா ஃபைல், அதாவது சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைல்.

கண்ணுக்கு நன்றாகத்தானே தெரிந்தது, படத்தில் மட்டும் ஏன் இருட்டு?

கேமராவின் மீட்டர் ஃபிரேமுக்குள் வரும் வெளிச்சத்தைக் கணக்குப் போட்டு, மொத்தத்தையும் ஒரு நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும். ஃபிரேமில் பாதிக்கு மேல் வானம் என்றால், வெளிச்சம் ஜாஸ்தி என்று அது முடிவு கட்டி ஷட்டரைச் சீக்கிரம் மூடிவிடும். வானம் பிழைத்துக்கொள்ளும், தரை செத்துப்போகும். நம் கண் அப்படி இல்லை. மேகத்தைப் பார்க்கும்போது ஓர் அளவுக்கும், மரத்தடியைப் பார்க்கும்போது இன்னோர் அளவுக்கும் தன்னை மாற்றிக்கொள்ளும். மூளை இரண்டையும் ஒட்டவைத்து ஒரே காட்சியாகக் கொடுத்துவிடும். சென்சாருக்கு அந்த வசதி கிடையாது, ஒரே சொடுக்குதான்.

நம் பக்கத்தில் ஆடி, ஆவணியில் இந்தத் தொல்லை அதிகம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேகம் வந்துகொண்டே இருக்கும், ஆனால் கிழக்கே காங்கயம், தாராபுரம் வரும்போது மழை பேருக்குத்தான். மேலே பளபளவென்று மேகம், கீழே நிழல் விழுந்த தரை. மீட்டர் ஏமாறுவதற்கு இதைவிட நல்ல இடம் வேண்டாம்.

இன்னொன்று, எடுத்தவுடன் கேமராத் திரையில் பார்த்து "சரியாக இருக்கிறது" என்று நம்பிவிடுகிறோம். கருக்கலில் அந்தச் சின்னத் திரை எதைக் காட்டினாலும் பிரகாசமாகத்தான் தெரியும். திரையை நம்பாமல் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள், இடது பக்கம் இருட்டையும் வலது பக்கம் வெளிச்சத்தையும் காட்டும் வரைபடம் அது. மேடு முழுக்க இடது சுவரில் ஒட்டிக் கிடந்தால் படம் இருட்டு.

இருட்டாக இருப்பதே ஒரு குறையா?

இல்லை. இருட்டு யாருக்காக இருக்கிறது என்பதுதான் கேள்வி. மழை வரப் போகிற நேரத்துக் காட்டை மத்தியானம் மாதிரி காட்டினால் அது பொய்ப் படம். பார்ப்பவன் தேட வேண்டியது கிடைக்காமல் தடவுகிறான் என்றால்தான் குறை. என் படத்தில் மாடு தெரியவில்லை, அது குறை. வேலிக்கு அடியில் இருக்கும் இருட்டு அப்படியே கிடக்கட்டும்.

முதலில் கிராப் செய்வதா (ஓரங்களை வெட்டுவதா), வெளிச்சத்தைக் கூட்டுவதா?

இதற்கு ஆளாளுக்கு ஒரு பதில் வைத்திருப்பார்கள். நான் செய்வது இது: முதலில் எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் மொத்த வெளிச்சத்தை, முரட்டுத்தனமாக இரண்டு ஸ்டாப் ஏற்றிவிடுவேன். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு, இரண்டு ஸ்டாப் என்றால் நான்கு மடங்கு. வானம் வெளுத்துப்போகும், படம் பார்க்கவே சகிக்காது. பரவாயில்லை. இது எடிட் இல்லை, இருட்டு அறைக்குள் டார்ச் அடித்துப் பார்க்கிற வேலை.

அப்படி அடித்தபோதுதான் மாட்டுக்குப் பின்னால் ஒரு கன்று படுத்திருந்தது எனக்கே தெரிந்தது. எடுக்கும்போது கவனிக்கவே இல்லை. காங்கயம் கன்றுகள் பிறக்கும்போது செம்பழுப்பாகத்தான் இருக்கும், சில மாதம் போனபிறகுதான் நிறம் மாறும். செம்மண் தரையில் செம்பழுப்புக் கன்று, அதன்மேல் மர நிழல் வேறு. எங்கே தெரியும்?

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்த பிறகு எக்ஸ்போஷரைப் பழையபடி பூஜ்யத்துக்கு இறக்கிவிட்டுக் கிராப் செய்யுங்கள். உண்மையான எடிட் அதற்குப் பிறகு. காரணம் எளிது: வானத்தில் கொஞ்சம் வெட்டி எறிந்தாலே மிச்சமிருக்கும் வெளிச்ச வித்தியாசம் குறைந்துவிடும். லைட்ரூம் மாதிரியான மென்பொருள்களில் ஹிஸ்டோகிராமும் கிராப்புக்குள் இருப்பதைத்தான் காட்டும். வெட்டி எறியப் போகிற மேகத்துக்காக ஹைலைட்ஸை (பளிச்சென்ற இடங்களை) இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது வெட்டி வேலை.

எதை வெட்டுவது, எதை விடுவது என்று எப்படி முடிவு செய்வது?

படத்தைப் பார்த்து, "இது யாருடைய படம்?" என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். மேகத்தின் படமா, மலையின் படமா, மாட்டின் படமா? மூன்றும் என்று பதில் வந்தால் இன்னும் முடிவு செய்யவில்லை என்று அர்த்தம். எடுக்கும்போது நான் மேகத்துக்காகத்தான் வண்டியை நிறுத்தினேன். கன்றைப் பார்த்த பிறகு அது தாயும் கன்றும் இருக்கும் படமாக மாறிவிட்டது. மேகம் அவர்களுக்குக் கூரை, அவ்வளவுதான்.

முதல் வேலை சாய்வைச் சரிசெய்தது. அடிவானம் ஒன்றரை டிகிரி அளவுக்கு இடது பக்கம் இறங்கியிருந்தது. இருட்டுப் படத்தில் சாய்வு கண்ணில் படாது, வெளிச்சம் ஏற்றின பிறகுதான் எல்லாம் வழுக்கி விழுகிற மாதிரி இருக்கும். மலைப் பக்கம் எடுக்கும் படங்களில் மலைச்சரிவை அடிவானம் என்று நினைத்து நேராக்கிவிடாதீர்கள். கம்பம், பனைமரம், கட்டட மூலை என்று செங்குத்தாக நிற்கும் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். வெட்டப் போகிற கரண்டு கம்பம் எனக்கு இந்த ஓர் உபகாரத்தைச் செய்துவிட்டுத்தான் போனது.

அப்புறம் ஓரங்கள். முதல் தடவை மாட்டையும் கன்றையும் சுற்றி நெருக்கமாக வெட்டிவிட்டேன். பார்த்தால் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு விளம்பரம் போட்ட மாதிரி இருந்தது. மாடு தெரிந்தது, காடு போய்விட்டது. இயற்கைக் காட்சியில் இந்தத் தப்பைத்தான் எல்லோரும் செய்கிறோம். பிடித்த பொருளைக் கண்டவுடன் அதையே பெரிதாக்கி, அது நிற்கிற இடத்தைத் தூக்கி எறிந்துவிடுகிறோம்.

இரண்டாவது தடவை பக்கவாட்டில் (பெரும்பாலும் இடது பக்கம்) 1200 பிக்சல், மேலே 700, கீழே 100 வெட்டினேன். 6000×4000 இருந்த படம் 4800×3200 ஆனது. கம்பம் போயிற்று. மேலே எந்த வடிவமும் இல்லாத சாம்பல் மேகம் போயிற்று, வெயில் ஒழுகும் கிழிசல் மட்டும் நின்றது. மாடு இடது பக்கம் பார்த்து நிற்கிறது, அதனால் அது பார்க்கிற திசையில் இடம் விட்டேன். கீழ் மூலையில் தொடங்கும் கிளுவை வேலி சரிந்த படல் (வேலி வாசலை அடைக்கும் தட்டி) ஒன்றைத் தாண்டி மாடு வரைக்கும் ஓடுகிறது. கண் அதைப் பிடித்துக்கொண்டே போய்விடும். கீழே இன்னும் கொஞ்சம் வெட்டியிருந்தால் வேலியின் தொடக்கம் அறுந்திருக்கும். ஒரு கோடு மூலையிலிருந்தோ ஓரத்திலிருந்தோ புறப்பட்டு வருமானால் அதன் வாலை அறுக்காதீர்கள்.

மூன்றில் ஒரு பங்கு விதியைக் கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டுமா?

படத்தை நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் மூன்றாகப் பிரித்து, முக்கியமான பொருளை அந்தக் கோடுகளில் வைக்கச் சொல்வதுதான் இந்த விதி. மேலே சொன்ன வெட்டில் மாடு தானாகவே வலது மூன்றில் ஒரு பங்குக் கோட்டில் வந்து நின்றது, எனக்குச் சௌகரியமாகப் போயிற்று. ஆழியாறு அணையில் காற்றே இல்லாத மார்கழிக் காலையில் தண்ணீரில் மலை தலைகீழாகத் தெரியும் பாருங்கள், அதற்குப் போய் இந்த விதியைப் போட்டால் பாதி மலை வீண். அங்கே நட்டநடுவில் வெட்டுங்கள்.

கிராப் செய்தால் படத்தின் தரம் குறைந்துவிடாதா?

குறையும், எவ்வளவு என்று கணக்குப் பார்த்துக்கொண்டால் போதும். என் படம் 24 மெகாபிக்சலிலிருந்து 15 மெகாபிக்சலுக்கு வந்தது. 12×18 அங்குலம் பிரிண்ட் போட்டால் ஓர் அங்குலத்துக்கு 266 பிக்சல் கிடைக்கும். 300 என்று கேட்பார்கள், சுவரில் மாட்டிப் பார்க்க 266 தாராளம். அதே படத்தை நீளத்திலும் அகலத்திலும் பாதியாக வெட்டியிருந்தால் 3000×2000, அதாவது வெறும் 6 மெகாபிக்சல். பாதி வெட்டினால் பாதி போகும் என்று நினைப்போம், முக்கால் போய்விடும். அப்போது 12×18-க்கு அங்குலத்துக்கு 166 பிக்சல்தான். போனில் பார்ப்பதற்கு மட்டும் என்றால் இந்தக் கவலையே வேண்டாம்.

இருட்டுப் படத்தில் மட்டும் ஒரு கூடுதல் எச்சரிக்கை: நெருக்கமாக வெட்ட வெட்ட, நிழலில் மணல் மாதிரி தெரியும் புள்ளிகளும் சேர்ந்தே பெரிதாகும்.

விகிதத்தையும் மறந்துவிடாதீர்கள். 4×6, 12×18 இரண்டும் 2:3 விகிதம். போன் படங்கள் பெரும்பாலும் 3:4. படுக்கைவாக்கில் எடுத்த அதை அப்படியே பிரிண்ட் போடும் லேபில் கொடுத்து 4×6 கேட்டால், மேலேயோ கீழேயோ அவர்களே வெட்டிவிடுவார்கள். கோபுரக் கலசம் போனபிறகு சண்டை போட்டுப் பயனில்லை. வெட்டுவதை நீங்களே வெட்டிக் கொடுங்கள்.

எந்த ஸ்லைடரை எவ்வளவு நகர்த்துவது?

எக்ஸ்போஷரை மட்டும் இழுத்துவிட்டு முடித்துவிடுகிறார்கள், தப்பு அங்கேதான் தொடங்குகிறது. எக்ஸ்போஷர் எல்லாவற்றையும் சேர்த்துத் தூக்கும். தரை வரும்போது வானம் போய்விடும். அடுத்து ஷேடோஸை (நிழல் பகுதிகளை) நூறு வரை தள்ளுவார்கள். தரை வரும், ஆனால் சாம்பல் பூசின மாதிரி வெளிறி வரும். மலை விளிம்பிலும் மரக்கிளைகளைச் சுற்றியும் வெள்ளையாக ஒரு கோடு வேறு எழும்பும். அந்தக் கோட்டைப் பார்த்தாலே அளவு மீறிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

நான் போட்ட கணக்கு: எக்ஸ்போஷர் 0.6 கூட்டினேன். ஹைலைட்ஸ் 60 குறைத்தேன், மேகக் கிழிசலில் மஞ்சள் நிறம் திரும்பி வந்தது. ஷேடோஸ் 35 கூட்டினேன். பிறகு பிளாக்ஸை (அடிக் கறுப்பை) 12 குறைத்தேன். இருட்டை நீக்கும் வேலையில் எதற்குக் கறுப்பைக் கூட்டுகிறாய் என்று கேட்பீர்கள். படத்தில் எங்கேயாவது ஓர் இடம் சுத்தக் கறுப்பாக இருந்தால்தான் மற்ற இடங்களின் வெளிச்சம் வெளிச்சமாகத் தெரியும். வெள்வேல மரத்தின் அடித்தண்டும் வேலியின் அடியும் கறுப்பாகவே நின்றன. அந்தப் பிடிமானம் போனால் படம் தண்ணீர் கலந்த பால் மாதிரி ஆகிவிடும். இந்த எண்களை அப்படியே உங்கள் படத்தில் போட்டுப் பார்க்காதீர்கள், வரிசையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை செய்தது பொதுவான வேலை. படம் உயிர் பெறுவது மாஸ்க்கில், அதாவது ஒரு பகுதியை மட்டும் பிரித்தெடுத்து மாற்றுவதில்தான். தரைக்கு மட்டும் கீழிருந்து மேலாக ஒரு கிரேடியன்ட் இழுத்து 0.7 ஸ்டாப் கூட்டினேன். மலையடிவாரம் வரும்போது அது தானாகக் கரைந்துவிட வேண்டும், கரையாவிட்டால் கோடு போட்ட மாதிரி தெரியும். பிறகு பிரஷ்ஷை எடுத்து மாட்டின் முதுகிலும் கன்றின் முகத்திலும் 0.3 மட்டும். இவ்வளவு கொஞ்சமா என்று தோன்றும். கண் எப்போதும் சுற்றியிருப்பதைவிட வெளிச்சமான இடத்துக்குத்தான் போகும், அதற்கு இதுவே ஏராளம். கடைசியாக நான்கு மூலைகளையும் கொஞ்சம் இறக்கினேன். தரை முழுவதையும் பகலாக்கியிருந்தால் மாடும் வேலியும் புல்லும் ஒரே குரலில் கத்தியிருக்கும்.

நிழலைத் தூக்கினால் ஏன் புள்ளி புள்ளியாக வருகிறது?

அந்த இடத்தில் சென்சாருக்குக் கிடைத்த வெளிச்சமே கொஞ்சம். கொஞ்சத்தைப் பெருக்கினால் கூடவே இரைச்சலும் பெருகும். ரேடியோவில் தூரத்து ஸ்டேஷனைப் பிடித்துச் சத்தத்தைக் கூட்டின மாதிரி.

ரா ஃபைல் எடுங்கள் என்று சொல்வது இதற்காகத்தான். சாதாரண ஜேபெக் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 வெளிச்சப் படிகள்தான். 14 பிட் ரா ஃபைலில் 16,384 படிகள். அதிலும் சென்சார் சமமாகப் பங்கு போடுவதில்லை: மிகப் பிரகாசமான ஒரு ஸ்டாப்புக்கே 8,192 படிகள் போய்விடும், அதற்குக் கீழே 4,096, அதற்குக் கீழே 2,048 என்று பாதி பாதியாகக் குறையும். ஏழாவது ஸ்டாப்புக்கு வரும்போது மிச்சம் 128. நாம் தூக்கப் பார்க்கிற மாடு நின்றுகொண்டிருப்பது இந்தக் கடைசிப் பந்தியில்.

நிறப் புள்ளிகளை, அதாவது சிவப்பும் பச்சையுமாகத் தெரிபவற்றை, கலர் நாய்ஸ் ஸ்லைடரால் தைரியமாக நீக்கலாம். வெளிச்சப் புள்ளிகளை நீக்கும் லூமினன்ஸ் ஸ்லைடரில் மட்டும் கை நடுங்கட்டும். அதிகம் போனால் புல் எல்லாம் மெழுகு ஊற்றின மாதிரி வழவழவென்று ஆகிவிடும். கொஞ்சம் புள்ளி இருந்துவிட்டுப் போகட்டும், பிரிண்டில் பாதிக்கு மேல் தெரியாது.

போனில் எடுத்த ஜேபெக்தான் இருக்கிறது. அதை ஒன்றும் செய்ய முடியாதா?

முடியும், ஆசையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். ஸ்னாப்சீட் ஆப் இலவசம். அதில் டியூன் இமேஜில் ஷேடோஸைக் கொஞ்சம், ஹைலைட்ஸைக் கொஞ்சம் என்று நகர்த்திவிட்டு, பிரஷ் கருவியில் இருக்கும் டாட்ஜ் அண்ட் பர்னை (டாட்ஜ் வெளிச்சமாக்கும், பர்ன் இருட்டாக்கும்) எடுத்து வேண்டிய இடத்தில் மட்டும் விரலால் தடவுங்கள். எச்.டி.ஆர். ஸ்கேப் ஃபில்டர் பக்கம் போகாதீர்கள், போனவர்கள் திரும்பி வருவதில்லை. கம்ப்யூட்டர் இருந்தால் டார்க்டேபிள், கிம்ப் இரண்டும் காசு கேட்காது.

வாட்ஸ்அப்பில் வந்த படத்தை எடிட் செய்வது மட்டும் வேண்டாம். அது ஏற்கெனவே சுருக்கப்பட்ட படம், நிழலைத் தூக்கினால் கட்டம் கட்டமாக உடையும். எடுத்தவரிடம் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

தூரத்து மலை வெளிறிக் கிடக்கிறது. டீஹேஸ் போட்டால் படம் இன்னும் இருட்டாகிறதே?

டீஹேஸின் குணமே அது. மூட்டத்தை நீக்குவதற்காக இருட்டைக் கூட்டும், நிறத்தையும் கூட்டும். ஏற்கெனவே இருண்ட படத்தில் மொத்தமாகப் போட்டால் தரை மறுபடியும் புதைந்துவிடும். மலைக்கு மட்டும் மாஸ்க் போட்டுக் கொஞ்சமாகக் கொடுங்கள். வால்பாறைச் சாலையில் 9-வது கொண்டை ஊசி வளைவில் நின்று கீழே ஆழியாறு அணையைப் பார்க்கிறோமே, அங்கே ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் போகும் மலைகள் மூட்டத்தால்தான் தூரமாகத் தெரிகின்றன. எல்லாவற்றையும் துடைத்து எடுத்தால் மலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிய அட்டை மாதிரி ஆகிவிடும்.

வெளிச்சம் ஏற்றின பிறகு நிறம் கெட்டுப்போகிறதே?

நிழலுக்குள் விழுவது பெரும்பாலும் வானத்தின் வெளிச்சம், அதில் நீலம் தூக்கல். இருட்டாக இருந்தவரை தெரியாது, தூக்கினவுடன் தரை நீலம் பாய்ந்து நிற்கும். செம்மண் காடு கத்தரிப்பூ நிறமாகத் தெரிந்தால் இதுதான் காரணம். தரை மாஸ்க்கிலேயே டெம்பரேச்சரை மஞ்சள் பக்கம் கொஞ்சம் நகர்த்துங்கள். மொத்தப் படத்துக்கும் போட்டால் மேகம் மஞ்சள் காமாலை பிடித்த மாதிரி ஆகிவிடும்.

பொள்ளாச்சித் தென்னந்தோப்புப் படங்களில் வேறு ஒரு சிக்கல். தூக்கின பச்சை, பிளாஸ்டிக் பச்சையாக வரும். பச்சையின் சாச்சுரேஷனை (நிற அடர்த்தியை) இறக்குங்கள். உடுமலைப் பக்கத்துக் கரிசல் காட்டைச் சாம்பல் நிறம் வரும் வரை ஏற்றாதீர்கள், அது கறுப்பு மண், கறுப்பாகத்தான் இருக்கும்.

கரண்டுக் கம்பி, குப்பையை எல்லாம் அழித்துவிடலாமா?

என் படத்தில் கிளுவை முள்ளில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் பை மாட்டிக்கொண்டு ஆடியது. இருட்டில் தெரியவில்லை, தரையைத் தூக்கினதும் படத்திலேயே அதுதான் பளிச். ஹீல் கருவியால் எடுத்துவிட்டேன். காற்றில் வந்தது காற்றில் போகட்டும், வேர் விட்டு நிற்பதை அழிப்பதில்லை என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். கம்பம் வேண்டாம் என்றால் கிராப், கிராப்பில் போகாவிட்டால் அது இருந்துவிட்டுப் போகட்டும்.

போட்டிக்கு அனுப்புகிறவர்கள் மட்டும் விதியைப் படியுங்கள். ஃபியாப், பி.எஸ்.ஏ. போன்ற புகைப்பட அமைப்புகளின் நேச்சர் பிரிவில் எதையும் சேர்க்கவோ அழிக்கவோ கூடாது, வேண்டாததை நீக்கக் கிராப் மட்டும்தான் வழி. பையை அழித்த என் படத்தை அங்கே ஏற்க மாட்டார்கள்.

வெவ்வேறு வெளிச்ச அளவில் மூன்று ஷாட் எடுத்து, ஒன்றாக ஒட்டி எச்.டி.ஆர். செய்தால் இந்தச் சிரமமே இல்லையே?

காற்று நின்றால் செய்யலாம். ஆடிக் காற்றில் மூன்று ஷாட்டிலும் தென்னை ஓலை மூன்று இடத்தில் இருக்கும். உடுமலைப் பக்கம் காற்றாலைகளை இப்படி எடுத்து ஒட்டிப் பார்த்தேன், ஒவ்வொன்றுக்கும் ஒன்பது இறக்கை முளைத்திருந்தது. காற்று அடிக்கிற நாளில் ஒரே ஒரு ரா ஃபைல் மேல்.

இப்படி எல்லாம் மாற்றுவது ஏமாற்று வேலை இல்லையா?

இந்தக் கேள்வி கேமரா பிறந்த நாளிலிருந்து இருக்கிறது. அமெரிக்காவில் ஆன்சல் ஆடம்ஸ் 1941-இல் நியூ மெக்சிகோ மாநிலத்து ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரில் எடுத்த நிலவு உதயப் படத்தைப் பாருங்கள். அவருக்கும் நம் பிரச்சினைதான். சூரியன் இறங்கிக்கொண்டிருக்கிறது, லைட் மீட்டர் கைக்கு அகப்படவில்லை. நிலாவின் பிரகாசம் எவ்வளவு என்று நினைவில் இருந்த அளவை வைத்துக் கணக்குப் போட்டு ஒரு ஷாட் எடுத்தார். இரண்டாவது எடுப்பதற்குள் கல்லறைச் சிலுவைகள் மேல் விழுந்த வெயில் போய்விட்டது. முன்பக்கத் தரை நெகட்டிவில் மெலிந்து விழுந்திருந்தது. 1948-இல் அந்த நெகட்டிவின் கீழ்ப்பகுதியை மட்டும் ரசாயனத்தில் ஊறவைத்து வலுவேற்றினார். பிரிண்ட் போடப் போட, வருஷங்கள் ஆக ஆக, வானத்தை இன்னும் இன்னும் இருட்டாக்கிக்கொண்டே போனார். நாம் மாஸ்க் போடுவதை அவர் டார்க்ரூமில் கையாலும் அட்டையாலும் செய்தார். டாட்ஜ், பர்ன் என்ற பெயர்களே அங்கிருந்து வந்தவைதான்.

இல்லாத நிலாவைக் கொண்டுவந்து ஊதியூர் மலைமேல் ஒட்டினால், அது வேறு விஷயம்.

கம்ப்யூட்டரில் சரியாக இருந்தது, பிரிண்ட் மட்டும் இருட்டாக வந்துவிட்டது. ஏன்?

எனக்கும் நடந்தது. கோயம்புத்தூரில் ஒரு லேபில் 12×18 போட்டு வாங்கினேன், கன்று மறுபடியும் காணாமல் போயிருந்தது. கடைக்காரரிடம் கொஞ்சம் சத்தமாகவே பேசிவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் அதே ஃபைலைத் தன் திரையில் திறந்து காட்டினார். அங்கேயும் இருட்டுதான். நான் ராத்திரி லைட்டை அணைத்துவிட்டு, லேப்டாப் பிரைட்னஸை முழுசாக வைத்து எடிட் செய்திருக்கிறேன். படத்தைத் திரை தூக்கிக் காட்டியது, நான் படமே வெளிச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது செய்வது இது: அறையில் விளக்கு எரியட்டும். திரையில் வெற்று வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே வெள்ளையாகத் தெரியும் வரை பிரைட்னஸை இறக்குங்கள். எடிட்டை முடித்த பிறகு முதலில் ஒரு 4×6 போட்டுப் பாருங்கள். காகிதம் தானாக ஒளி விடாது, அதனால் பிரிண்டுக்குத் தனியாக ஒரு பிரதி எடுத்து நடுத்தர வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டிக் கொடுப்பதும் வழக்கம். ஃபைல் எஸ்.ஆர்.ஜி.பி. என்ற பொதுவான நிற முறையில் இருக்கட்டும், பெரும்பாலான லேப்களுக்கு அதுதான் சரிப்படும்.

அடுத்த தடவை எடுக்கும்போதே என்ன செய்யலாம்?

ரா ஃபைலில் வையுங்கள். மேகத்தில் ஹைலைட் எச்சரிக்கை மினுக்கத் தொடங்கும் வரை எக்ஸ்போஷரை ஏற்றி, அங்கிருந்து ஒரு சின்னப் படி இறக்கி எடுங்கள். வெளுத்துப் பாலாகிப்போன மேகத்தை எந்த ஸ்லைடராலும் மீட்க முடியாது. நிழலையாவது இத்தனை பாடுபட்டு மீட்கலாம். கேமராவைக் கொஞ்சம் கீழே சாய்த்து வானத்தைக் குறைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். அந்த எக்ஸ்போஷரை லாக் செய்துகொண்டு மறுபடி ஃபிரேம் வைக்கலாம்.

எடிட்டை எங்கே நிறுத்துவது?

ஒரு ராத்திரி விட்டுவிட்டுக் காலையில் போன் திரையில் சின்னதாகப் பாருங்கள். கண் நேராக மாட்டுக்குப் போனால் சரி. முதலில் வானமோ, புல்லின் பச்சையோ, மூலையோ கண்ணில் பட்டால் அங்கே கை அதிகம் போயிருக்கிறது, பாதியாகக் குறையுங்கள்.

இந்தப் படத்தின் இரண்டாவது பிரிண்டைக் கொண்டுபோய்க் காட்டுக்காரரிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வெளிச்சத்துக்குத் திரும்பி நின்று, வெகுநேரம் பார்த்தார். நான் மேகக் கிழிசலைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். கட்டை விரலை வேலிமேல் வைத்து, "ஏங் கண்ணு, படலு இப்படிச் சாஞ்சு கெடக்குதே, இத்தன நாளா எங்கண்ணுக்குப் படவே இல்லியே. நாளைக்கே கட்டோணும்" என்றார்.